மருந்து, நாய், நட்டஈடு, கொட்டில்: ஆட்டுக்குட்டியைக் காக்க எது தேறும்?

வடமராட்சி கிழக்கில் செம்பியன்பற்று, உடுத்துறை, கட்டைக்காட்டுப் பக்கம் ஆடு வளர்ப்பவர்களோடு கதைத்தால், எங்கே தொடங்கினாலும் பேச்சு இரவில் காணாமல்போன குட்டியில் வந்து நிற்கும். நரி என்பார் ஒருவர். கட்டாக்காலி நாய் என்பார் பக்கத்தில் நிற்பவர். அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று கேட்டால் நான்கு பதில்கள் வரும்: மருந்து, அதாவது விஷம் வைப்பது, காவலுக்கு நாய் வளர்ப்பது, அரசாங்கத்திடம் நட்டஈடு கேட்பது, கொட்டிலைத் திருத்திக் கட்டுவது. நான்கையும் செய்ய யாரிடமும் காசில்லை. ஒன்றை எடுப்பதென்றால் எதை எடுப்பது?

இலங்கையில் ஓநாய் இல்லை. ஆனால் இந்த நான்கு வழிகளையும் ஓநாய் உள்ள நாடுகள் நூறு வருடத்துக்கு மேலாகப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டன. ஓநாய் அழிந்ததும் ஆட்டுப்பட்டியால்தான். அது திரும்பி வந்தபோது முதலில் எழுந்த சண்டையும் ஆட்டுப்பட்டியைப் பற்றியதுதான். அவர்கள் செலவழித்துக் கற்றதை நாங்கள் செலவில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக்கூடாது. ஐரோப்பிய ஓநாய் 30 முதல் 50 கிலோ வரை இருக்கும், கூட்டமாக வந்தால் வளர்ந்த மாட்டையே விழுத்தும். எங்கள் நரி பத்துக் கிலோவைச் சுற்றித்தான். எலி, நண்டு, விழுந்த பழம், செத்த பிராணி என்று கிடைப்பதைத் தின்னும். ஆட்டில் கைவைத்தாலும் பெரும்பாலும் குட்டியோடு நிறுத்திக்கொள்ளும். ஓநாயையே மறித்த வேலிக்கு நரி பெரிய சவால் அல்ல.

முதலில் கள்ளன் யார்?

இதைக் கண்டுபிடிக்காமல் காசைச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. நாய் கடித்த ஆட்டைப் பார்த்தால் தெரியும்: பின்னங்கால், காது, வால்பக்கம் என்று கண்ட இடமெல்லாம் குதறியிருக்கும். ஒரே இரவில் பல ஆடுகளைக் கடித்துவிட்டு ஒன்றையும் தின்னாமல் போயிருக்கும். நரி சின்னக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அல்லது வயிற்றுப்பக்கத்தைத் தின்றிருக்கும். சுவிற்சர்லாந்தில் செத்த ஆட்டின் காயத்திலிருந்து எச்சிலை எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பி, கடித்தது ஓநாயா நாயா என்று பார்க்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் கடற்கரை ஊர்களில் வெள்ளை மணல் இருக்கிறது. நரியின் தடம் ஒடுங்கியிருக்கும். ஒரு கோடு கீறினதுபோல நேராகப் போகும். நாய் அங்குமிங்கும் அலைந்து, நின்று, மணந்து போகும். விடியற்காலையில், ஆட்கள் நடமாட முன்னர் போய்ப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஊரில் நடக்கும் பல "நரி வேலை"களை உண்மையில் நாய்கள்தான் செய்கின்றன என்பது என் எண்ணம். கோழிக்கடைக் கழிவை வீதியோரத்தில் கொட்டும் இடங்களைச் சுற்றி நாய்க்கூட்டம் எப்படிப் பெருகுகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய செய்தியாக இராது.

மருந்து வைத்தால்

"இரண்டு துண்டு இறைச்சிக்குள் மருந்தை வைத்துப் போடு தம்பி, அலுவல் முடிஞ்சுது." இந்த யோசனையைச் சொல்லாத ஊர் இல்லை. மலிவானது, ஒரு இரவில் செய்து முடிக்கலாம். அதனால்தான் உலகம் முழுக்க இதைத்தான் முதலில் செய்தார்கள்.

ஓநாய் விஷயத்தில் அது பலித்தது என்பதையும் மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் ஓநாய்த் தலைக்குப் பரிசு கொடுத்தார்கள். ஸ்ரிக்னைன் என்ற விஷத்தை வைத்தார்கள், பொறி வைத்தார்கள், அரசே சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கொன்றது. யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவுக்குள்ளேயே கடைசி ஓநாய்களை 1926இல் கொன்று முடித்தார்கள். 1960களில், அலாஸ்காவை விட்டுப் பார்த்தால், அந்தப் பெரிய நாட்டில் ஓநாய் மிஞ்சியிருந்தது மினசோட்டாவின் வடக்கு மூலையிலும் ஐல் ரோயல் என்ற ஏரித்தீவிலும்தான். யப்பானில் 1905க்குப் பிறகு ஓநாயைக் கண்டதாக உறுதியான பதிவு இல்லை. அங்கேயும், வடக்கே ஹொக்கைடோவில், குதிரைப் பண்ணைகளைக் காக்க வைத்த ஸ்ரிக்னைன்தான் பெரிய காரணம்.

ஆனால் அதே அமெரிக்காவில், அதே விஷத்தைத் தின்ற இன்னொரு பிராணி கொயோட்டி. நரியைவிடக் கொஞ்சம் பெரியது, குணத்தில் கிட்டத்தட்ட நரிதான். ஓநாய் ஒழிந்துகொண்டிருந்த அதே காலத்தில் கொயோட்டி புல்வெளியிலிருந்து புறப்பட்டு அநேகமாகக் கண்டம் முழுவதும் பரவிவிட்டது. ஒரு சோடியைக் கொன்றால் அந்த இடம் வெறுமையாகும். பக்கத்திலிருந்து இளசுகள் வந்து பிடித்துக்கொள்ளும். இரை தாராளமாக இருப்பதால் குட்டிகளும் கூடுதலாகத் தப்பும். நரியை விஷத்தால் குறைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பல்கேரியாவில் விஷத்தாலும் வேட்டையாலும் நரி அருகிப்போய், 1962இல் சட்டப் பாதுகாப்புக் கொடுத்த பிறகுதான் மீண்டது. இன்றைக்கு அங்கே அது நிறைய இருக்கிறது. அப்படிக் குறைப்பதற்கு ஒரு நாடே சேர்ந்து வருடக்கணக்காக மருந்து வைக்கவேண்டும். ஒரு வீட்டுக்காரர் வேலியோரம் போடும் இரண்டு துண்டு இறைச்சி அந்த வேலையைச் செய்யாது. அது பக்கத்து வீட்டு நாயைக் கொல்லும், கீரியைக் கொல்லும், செத்ததைத் தின்ன வரும் பருந்தைக் கொல்லும். பிறகு வேலிக்கு மேலால் வரும் சண்டை தலைமுறைக்கு நிற்கும். அமெரிக்காவிலேயே 1972இல் ஜனாதிபதி நிக்சன், மத்திய அரசுக்குச் சொந்தமான நிலங்களில் இப்படி விஷம் வைப்பதைத் தடைசெய்தார்.

இதில் எங்கள் நிலவமைப்பையும், அதாவது ஒழித்த மிருகம் நடந்து திரும்பிவர வழி இருக்கிறதா என்பதையும், சேர்த்துப் பார்க்கவேண்டும். 1970களில் இத்தாலியில் ஏறத்தாழ நூறு ஓநாய்தான் மிஞ்சியிருந்தது, அதுவும் அப்பெனைன் மலைத்தொடரில். அந்தப் பத்தாண்டில் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. யாரும் கூட்டில் ஏற்றிக் கொண்டுபோய் விடவில்லை. அவையே மலைமுதுகு வழியாக நடந்தன. 1992இல் பிரான்சின் மெர்கன்தூர் பூங்காவில் தென்பட்டன, 1995இல் சுவிற்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. இத்தாலியில் 2020-21இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் மூவாயிரத்துக்கு மேல். ஜேர்மனிக்குப் போலந்திலிருந்து நடந்து வந்தன. 2000ஆம் ஆண்டு லவுசிற்ஸ் பகுதியில் ஒரு இராணுவப் பயிற்சி நிலத்தில் குட்டி போட்டன. ஆள் போகமுடியாத நிலம் மிருகத்துக்கு வசதி. போர்க்காலத்தில் ஆட்கள் வெளியேறிய காணிகளில் எவ்வளவு சீக்கிரம் பற்றை மூடியது என்பதை நேரே பார்த்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. யப்பான் தீவு என்பதால் அங்கே நடந்து வர வழியில்லை, ஓநாய் போனது போனதுதான்.

யாழ்ப்பாணம் குடாநாடு. ஆனையிறவுப் பக்கமும் சுண்டிக்குளப் பக்கமும் வன்னியோடு தொடுப்பு இருக்கிறது. இன்றைக்கு மருந்து வைத்து ஒரு பக்கத்தை வெறுமையாக்கினாலும் வன்னிப் பற்றைகளிலிருந்து வேறு நரி வந்துசேரும். மருந்துக்குப் போட்ட காசு சில மாத நிம்மதிக்குப் போட்ட காசு. நெடுந்தீவு மாதிரியான இடத்தின் கணக்கு வேறு, அங்கே ஒரு உயிரினம் முற்றாகப் போனால் யப்பான் கதைதான்.

ஒழித்ததைத் திருப்பிக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அமெரிக்காவின் செந்நிற ஓநாய் போதும். 1980இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். கூட்டில் இருந்த 14 ஓநாய்களிலிருந்து பெருக்கி, 1987இல் வட கரோலினாவில் விட்டார்கள். நூறைத் தாண்டியது. பிறகு துப்பாக்கியாலும் வாகனத்தாலும் கொயோட்டியோடு கலந்ததாலும், காட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத் திரும்ப விழுந்தது. யெலோஸ்ரோனில் 1995, 1996இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்ட 31 ஓநாய்கள் நன்றாகப் பெருகின என்பது உண்மை. (அந்த ஓநாய்கள் ஆற்றின் போக்கையே மாற்றின என்று முகநூலில் சுற்றும் காணொளியை மட்டும் அப்படியே விழுங்கவேண்டாம். அதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் இழுபறி.)

நட்டஈடு

காகிதத்தில் நியாயமானது. காட்டுப் பிராணி எல்லோருக்கும் சொந்தம் என்றால் நட்டத்தை ஏன் ஒருவர் மட்டும் தாங்கவேண்டும்? அமெரிக்காவில் ஒரு தொண்டு நிறுவனம் 1987 முதல் 2010 வரை, ஓநாய் கொன்ற மாட்டுக்கும் ஆட்டுக்கும் தன் நிதியிலிருந்து பத்து இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தது. சுவீடன் இன்னும் புத்தியாகச் செய்தது: கலைமான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடி மக்களுக்கு, லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையும் வொல்வெரின் என்ற ஊனுண்ணியும் போட்ட குட்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து 1996 முதல் பணம் கொடுக்கிறார்கள். செத்த மானை எண்ணுவதில்லை. மிருகம் பெருகினால் காசும் பெருகும் என்றால் அதைக் கொல்ல யார் போவார்கள்?

ஆனால் இவையெல்லாம் அரசாங்கமும் பெரிய நிறுவனமும் எடுக்கவேண்டிய முடிவுகள். ஐந்தாறு ஆடு வைத்திருக்கும் ஒரு அம்மா, கிராம சேவையாளரிடமும் மிருக வைத்தியரிடமும் கடிதம் வாங்கி, படம் எடுத்து, அலைந்து திரிந்து ஒரு குட்டிக்குக் காசு எடுப்பதற்குள் அடுத்த குட்டி வளர்ந்து தீபாவளிக்கு விலைப்பட்டுவிடும். இன்னொன்று: ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்தில், குறைந்தபட்ச வேலியாவது போட்டிருந்தால்தான் ஓநாய் கொன்ற ஆட்டுக்கு நட்டஈடு. சுற்றிச் சுற்றி அங்கேயும் வேலியில்தான் வந்து நிற்கிறார்கள்.

காவல் நாய்

இந்த வழிக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஓநாயை முற்றாக ஒழிக்காத நாடுகளில் மேய்ப்பர்கள் காவல் நாயையும் கைவிடவில்லை. இத்தாலியின் அப்ருற்சோ மலையில் வெள்ளை மரெம்மா நாய், துருக்கியில் கங்கல், பல்கேரியாவில் கரகச்சான். ஓநாய் ஒழிந்த நாடுகளில் அந்த நாய்களும் அந்த அறிவும் சேர்ந்து மறைந்துபோயின. ஓநாய் திரும்பிவந்தபோது சுவிஸ் விவசாயிகள் இத்தாலியின் மரெம்மாவையும் பிரான்சின் பிரனிஸ் நாயையும் வரவழைத்துப் புதிதாகப் பழகவேண்டியிருந்தது.

இந்த நாய்கள் ஆட்டை மேய்ப்பதில்லை, ஆட்டோடு வாழ்கின்றன. குட்டியாக, ஏறக்குறைய இரண்டு மாத வயதில், பட்டிக்குள் விட்டால் ஆட்டைத் தன் ஆட்களாக நினைத்து வளரும். ஒழுங்கான காவலுக்கு வர இரண்டு வருடம் பிடிக்கும். அதுவரை தீனியும் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும்; விளையாட்டில் ஆட்டுக்குட்டியின் காதைக் கடிக்கும். பெரிய நாய் தின்னும் தீனி ஒரு ஆட்டின் செலவைவிடக் கூட. மரெம்மாவின் மயிரோடு எங்கள் சித்திரை வெயிலில் ஒரு நாயை நிறுத்துவது பாவம். வெளிநாட்டுச் சாதி நாய் வாங்கிக் கட்டினால் ஆடு பிழைக்கும் என்று யாராவது சொன்னால் அவர் நாய்க்குட்டி விற்கிறாரா என்று பாருங்கள்.

அமெரிக்காவின் தென்மேற்கில் நவாகோ மக்கள் செய்வதுதான் எங்களுக்குப் பொருந்தும். அவர்களிடம் சாதி நாய் இல்லை. ஊரில் பிறந்த கலப்பு நாய்க்குட்டியைச் சின்னதிலிருந்தே ஆட்டுப்பட்டிக்குள் வளர்த்து, ஆட்டோடு மேய்ச்சலுக்கு அனுப்பி, கொயோட்டியை விலக்கிவைக்கிறார்கள். கொயோட்டிக்குப் போதுமென்றால் நரிக்குத் தாராளம். எங்கள் ஊர் நாய்க்குட்டியே போதும், வீட்டுக் குசினியில் வளர்க்காமல் கொட்டிலில் வளர்க்கவேண்டும். பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சி வளர்த்தால் அது வீட்டு நாயாகிவிடும், இரவு திண்ணையில்தான் படுக்கும்.

நாயில் ஒரு பெரிய சிக்கல் நோய். எத்தியோப்பியாவின் பாலே மலையில் வாழும் எத்தியோப்பிய ஓநாய் உலகில் ஐந்நூறுகூட இல்லை. அதன் பெரிய எதிரி துப்பாக்கி அல்ல, இடையர்களின் நாய்கள் கொண்டுவரும் விசர் நோய். 2003இல் பரவியபோது ஒரு பள்ளத்தாக்கில் நான்கில் மூன்று பங்கு ஓநாய்கள் செத்தன. அதனால் அங்கே ஓநாயைக் காப்பாற்றும் வேலையில் பெரும் பங்கு கிராமத்து நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதுதான். ஐல் ரோயல் தீவில் 1980இல் ஐம்பது ஓநாய் இருந்தது. நாயிலிருந்து வந்த பார்வோ வைரசால் இரண்டு வருடத்தில் பதினான்காகக் குறைந்தது. நாய்க்கும் நரிக்கும் நோய்கள் பொது. விசர் வந்த நரி ஊருக்குள் வந்தால் அடுத்த கடி ஆட்டுக்கா பிள்ளைக்கா என்று சொல்லமுடியாது. ஆகவே நாய் வளர்ப்பதென்றால் தடுப்பூசியையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

கொட்டில்

என் காசு என்றால் நான் முதலில் இங்கேதான் போடுவேன்.

நரியும் கட்டாக்காலியும் இரண்டுமே பெரும்பாலும் இரவில்தான் வருகின்றன. குட்டி இரவில் எங்கே படுக்கிறது என்பதுதான் கேள்வி. பல வீடுகளில் கொட்டில் என்பது நான்கு கப்பும் மேலே ஓலையும்தான். மழைக்கு நல்லது, பல்லுக்கு அல்ல. இதைவிட மோசம் அரைகுறையாக அடைத்த கொட்டில். ஓநாய் நாடுகளில் பலமுறை நடந்தது இது: உள்ளே புகுந்த மிருகத்திடமிருந்து ஆடுகள் ஓட வழியில்லாமல் ஒரு மூலையில் நெருங்க, ஒன்றுக்குப் பதில் பத்துப் போயிருக்கும். கட்டினால் ஒழுங்காகக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் திறந்தே கிடக்கட்டும்.

தன்சானியாவின் மசாய் இடையர்கள் செய்த ஒன்று எங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. முட்செடியை வெட்டிக் குவித்துக் கட்டிய பட்டிக்குள் சிங்கம் பாய்ந்துகொண்டிருந்தது. பிறகு அவர்கள் கொமிபோரா மரத்தின் தடிகளை நெருக்கமாக நட்டு, அவை வேர்விட்டுத் தளிர்த்ததும் அவற்றோடு கம்பிவலையைக் கட்டினார்கள். உயிர்வேலியும் கம்பியும் சேர்ந்த அந்தப் பட்டிகளைச் சிங்கத்தாலும் கழுதைப்புலியாலும் சுலபமாக உடைக்க முடியவில்லை. கொமிபோரா என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் கிளுவையின் இனம். மாரி தொடங்கக் கிளுவைக் கதியால் போடுவது இங்கே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலை. மசாய்க்காரர் புதிதாகக் கற்றதில் பாதி எங்கள் வேலியில் ஏற்கனவே நிற்கிறது, கம்பிவலைதான் குறை.

கதியாலை நெருக்கமாக நடுங்கள், ஒரு ஆளின் நெஞ்சளவு உயரத்துக்கு வலை கட்டுங்கள். வடமராட்சி கிழக்கின் மணலில் முக்கியம் அடிப்பக்கம்: நரியும் நாயும் தாண்டுவதைவிடத் தோண்டுவதில் கெட்டி. வலையின் கீழ்ப்பகுதியை ஒரு முழம் வெளிப்பக்கமாக மடித்து மணலுக்குள் புதைத்துவிட்டால் தோண்டத் தொடங்கும் இடத்திலேயே கம்பி தட்டுப்படும். படலையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. எவ்வளவு நல்ல வேலியானாலும் படலைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தால் போதும். கீழே ஒரு பனங்குற்றியைப் போட்டுவிடுங்கள். பனைமட்டை வேலியென்றால் கறையான் தின்ற இடத்தை மாரிக்கு முன்பு பார்த்துக்கொள்ளவேண்டும்.

மின்வேலி ஐரோப்பாவில் நன்றாகவே வேலை செய்கிறது. சூரிய மின்கலத்தில் ஓடும், விட்டுவிட்டு அடிக்கும் கருவி வைத்த வேலி என்றால் இங்கேயும் செய்யும், விலைதான் கூட. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுக்கும் வேலையை மட்டும் யாரும் செய்யக்கூடாது. இலங்கையில் அப்படிப் போட்ட வேலிகளில் யானையும் செத்திருக்கிறது, மனிதரும் செத்திருக்கிறார்கள். கயிற்றில் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடும் முறை கிழக்கு ஐரோப்பாவின் பழைய ஓநாய் வேட்டையிலிருந்து வந்தது. புதிதாக இருக்கும்வரை ஓநாய் அதைத் தாண்டாது, இரண்டு மாதமளவில் பயம் தெளிந்துவிடும். குட்டி போடும் காலத்துக்கு மட்டும் வேண்டுமானால் கட்டலாம்.

கொட்டிலோடு சேர்ந்தது வாசனை. அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில், பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில் பண்ணைக்காரர்கள் சேர்ந்து, செத்த மாடுகளை அள்ளிக்கொண்டுபோக வண்டி வைத்தார்கள். இரைதேடி வரும் கரடியும் ஓநாயும் பட்டியடிக்கு வருவதற்கான காரணத்தை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பசுவின் இளங்கொடியை ஓலைப்பையில் கட்டி ஆலமரத்தில் தூக்கும் வழக்கம் இருந்தது. எதற்காகத் தொடங்கியதோ, நாய் நரிக்கு எட்டாமல் போனது நிச்சயம். ஆட்டின் இளங்கொடியைக் கொட்டிலுக்குப் பின்னால் வீசாமல் ஆழத் தோண்டிப் புதைத்தாலே போதும்.

சுடுவதைப் பற்றி ஒரு வார்த்தை

என் மச்சான் ஒருவர் பேர்ணில் இருக்கிறார். 2020 செப்ரெம்பரில் சுவிஸ் மக்களிடம் வாக்கெடுப்பு வந்தது: ஓநாயைச் சுடுவதை இலகுவாக்கும் சட்டம் வேண்டுமா வேண்டாமா? 51.9 வீதம் வேண்டாம் என்றார்கள். "ஊரில் ஆட்டைப் பிடிக்கும் நரிக்கு வாக்கெடுப்பு வைத்தால் என்னவாகும்?" என்று அவர் தொலைபேசியில் சிரித்தது நினைவிருக்கிறது. பிறகு நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. 2023 டிசம்பரிலிருந்து ஓநாய்க்கூட்டங்களை முன்கூட்டியே குறைக்க அனுமதி. 2025 மார்ச்சில், ஐரோப்பாவின் காட்டுயிர்களைக் காக்கும் பேர்ண் உடன்படிக்கையும் ஓநாயின் பாதுகாப்பை ஒரு படி இறக்கியது. ஓநாய் மீண்ட நாடுகளில் துப்பாக்கி திரும்பவும் வருகிறது, அதில் அவர்களுக்கு நியாயமும் இருக்கலாம், எண்ணிக்கை அப்படி. ஆனால் அங்கே எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே குடாநாட்டில் எத்தனை நரி என்று யார் கேட்டாலும் கிடைப்பது ஊகம்தான். எண்ணாத ஒன்றைக் குறைப்பது என்பது எனக்கு ஒரு முடிவாகவே படவில்லை.

ஆக, யாருக்கு எது?

வீட்டோடு ஐந்து பத்து ஆடு கட்டி, குழை வெட்டிப்போட்டு வளர்ப்பவர்களுக்குக் கொட்டிலைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். நாய் செலவு, நட்டஈடு அலைச்சல், மருந்து ஆபத்து. கம்பிவலைக்குக் காசு போதாவிட்டால் கொட்டில் முழுவதையும் அடைக்கவேண்டியதில்லை, குட்டிகளும் ஈன்ற ஆடுகளும் படுக்கும் ஒரு மூலையை மட்டும் அடைத்தாலும் பெரும்பகுதி நட்டம் நின்றுவிடும். யமுனாபாரி மாதிரி விலைகூடிய சாதி என்றால் தரையிலிருந்து உயர்த்தி, பனஞ்சிலாகைத் தட்டுப் போட்டுக் கட்டுவது நல்லது. புழுக்கை கீழே விழும், கால்நோயும் குறையும், தோண்டி வருபவருக்கு வழியும் இல்லை.

சுண்டிக்குளம், எழுதுமட்டுவாள் பக்கம் பெரிய மந்தையைப் பற்றைக்குள் விட்டு மேய்ப்பவர்களுக்குக் கொட்டில் பாதிதான், பகலிலும் ஆபத்து இருக்கிறது. அவர்களுக்கு இரவில் கிளுவைப்பட்டி, பகலில் ஆட்டோடு வளர்ந்த இரண்டு ஊர் நாய். ஒன்று போதாது, ஒன்று குரைத்துக்கொண்டு ஒரு பக்கம் ஓடும்போது மறுபக்கம் திறந்துவிடும். மணலில் பார்த்த தடம் நாயினது என்று தெரிந்தால் வேலை வேறு: பிரதேச சபையிடம் கழிவு கொட்டுவதைப் பற்றிக் கதைக்கவேண்டும், விசர்நோய்த் தடுப்பூசி போட வருகிறவர்கள் ஊருக்கு வரும் நாளை விசாரித்து வைத்துக்கொண்டு, நாயைப் பிடித்துக் கொடுக்க இரண்டு பெடியளையும் ஒழுங்கு பண்ணவேண்டும்.